அச்சு வேதாகமமா, செயலியா, ஏஐயா: வசனத்துக்கு எதை நம்புவது?

போனில் வேதாகமம் படிக்கலாமா என்று சபைகளில் நடந்த சண்டை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. பிரசங்க பீடத்திலேயே டேப்லெட் ஏறியாகிவிட்டது. இப்போது வேறொரு கேள்வி வந்திருக்கிறது. ஏஐயிடம் வசனம் கேட்கலாமா, விளக்கம் கேட்கலாமா, அது எழுதிக் கொடுப்பதை வேதபாட வகுப்பில் அப்படியே வாசிக்கலாமா? வாலிபர்கள் மட்டும் இதைக் கேட்பதாக நினைக்க வேண்டாம். சண்டே ஸ்கூல் டீச்சர்களும், சனிக்கிழமை ராத்திரி செய்தி தயார் பண்ண உட்காரும் உபதேசியார்களும் கேட்கிறார்கள். கேட்காமலேயே பயன்படுத்துகிறவர்கள் அதைவிட அதிகம் என்பது என் சந்தேகம்.

முதலில் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடலாம். ஏஐதான் வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்து மிருகம் என்கிற யூடியூப் பேச்சு. பார்கோடு வந்தபோதும் அந்த மிருகத்தின் எண்ணான 666 என்றார்கள், ஆதார் வந்தபோதும் சொன்னார்கள், கொரோனா தடுப்பூசிக்குள் சிப் இருக்கிறது என்றார்கள். அந்தப் பயத்திலேயே நின்றுவிட்டால், கண்ணெதிரே நடக்கிற சின்னச் சின்ன உண்மையான கோளாறுகள் தப்பிப் போய்விடும். வசனம் மாறிப்போவது அப்படி ஒரு கோளாறு.

தாளா திரையா என்று பிரித்துப் பார்ப்பதால் எதுவும் தெளியாது. நான் பார்ப்பது மூன்று விஷயம். எழுத்து ஓரிடத்தில் மாறாமல் நிற்கிறதா? அதற்குப் பொறுப்பேற்கிற ஒரு பெயர் இருக்கிறதா? நானும் நீங்களும் தனித்தனியாகத் திறந்தால் அதே வரியைத்தான் பார்ப்போமா? இந்த மூன்றையும் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அச்சு வேதாகமம் மூன்றிலும் தேறிவிடும். அதில் பிழையே வராது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 1631இல் லண்டனில் அரச அச்சகத்தார் வெளியிட்ட ஒரு பதிப்பில், யாத்திராகமம் 20:14இல் 'கூடாது' என்கிற அந்த ஒரு சொல் விட்டுப்போய், விபசாரம் செய்வாயாக என்று கட்டளையே தலைகீழாகிவிட்டது. அச்சடித்தவர்களுக்கு 300 பவுண்டு அபராதம், உரிமமும் போனது, பிரதிகளைத் தேடிப் பிடித்து அழித்தார்கள். இந்தக் கதையைச் சொல்லி 'அச்சிலும் தப்பு வருகிறதே' என்று வாதாடுவார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. தப்பு எல்லாப் பிரதியிலும் ஒரே இடத்தில் இருந்தது, பத்துப் பேர் ஒரே பக்கத்தைத் திறந்து காட்ட முடிந்தது, யாரைக் கேட்பது என்பதும் தெரிந்திருந்தது. அதனால்தான் அது பிடிபட்டது.

தமிழிலும் அச்சு வேதாகமம் ஒரே ஆளின் ஒரே மூச்சில் வந்துவிடவில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அதற்குப் பிறகு பெப்ரீஷியஸ், இரேனியஸ் என்று ஒவ்வொருவராகத் திருத்தித் திருத்தி, ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் கையில் 1871இல் வந்து நின்றதைத்தான் நம்மில் பெரும்பாலோர் இன்றும் 'பழைய திருப்புதல்' என்று கையில் வைத்திருக்கிறோம். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து உழைத்த திருவிவிலியம் 1995இல் வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் தெரிந்த ஆட்கள், குழு, சண்டை, திருத்தம், மறுபதிப்பு என்று ஒரு தடம் இருக்கிறது.

அச்சின் குறை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். எழுத்து பொடி, கனம், பஸ்ஸில் திறக்க முடியாது, 'அந்த வசனம் எங்கே இருக்கிறது' என்று தேடினால், எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று பட்டியலிடும் கன்கார்டன்ஸ் இல்லாமல் கிடைக்காது. இதற்கு மேல் அச்சைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

செயலிக்கு வருவோம். செயலி என்று பொதுவாகச் சொல்வதே தப்பு, இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, பதிப்பின் பெயரை வெளிப்படையாகப் போட்டு, உரிமை வைத்திருக்கும் சங்கத்தோடு பேசி வாங்கி வெளியிடுகிறவை. 2008இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் லைஃப் சர்ச் என்ற சபை தொடங்கிய யூவெர்ஷன் இந்த வகை. காசும் கிடையாது, விளம்பரமும் கிடையாது, பல பதிப்புகளை இறக்கி வைத்து நெட் இல்லாமலும் படிக்கலாம். இன்னொன்று, பிளே ஸ்டோரில் 'தமிழ் பைபிள்' என்று தட்டினால் வரிசையாக வருகிற, யார் செய்தது என்றே தெரியாத செயலிகள். பழைய திருப்புதலுக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம், போடுகிறார்கள். பழைய ஃபாண்டில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போதும், ஸ்கேன் செய்து எழுத்தாக்கும்போதும் 'ர' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் விழுவது, கொம்பு பிரிந்து போவது, ஒரு வரி விட்டுப்போவது எல்லாம் நடக்கும். யாரிடம் சொல்வது? விளம்பரத்தில் வரும் ஏதோ ஒரு கம்பெனியிடமா?

ஆக, செயலி எடுப்பதானால் 'இது எந்தப் பதிப்பு, யார் வெளியிட்டது' என்று உள்ளே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.

நல்ல செயலியிலும் ஒரு சங்கடம் உண்டு. எழுத்து உங்கள் கையில் இல்லை. ஆங்கிலத்தில் என்ஐவி மொழிபெயர்ப்புக்கு 2011இல் திருத்தப் பதிப்பு வந்த பிறகு, கோடிக்கணக்கானோர் மனப்பாடம் செய்திருந்த 1984 பதிப்பை அச்சிடுவதும் நின்றது, இணையத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அலமாரியில் 1984 பிரதி வைத்திருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. திரையில் மட்டும் படித்தவருக்கு ஒரு நாள் வரி மாறியிருந்தது. இஎஸ்வி என்ற இன்னொரு ஆங்கில மொழிபெயர்ப்பின் பதிப்பகத்தார் 2016இல் 'இதுதான் இறுதி, இனி மாற்ற மாட்டோம்' என்று அறிவித்து, சில வாரங்களிலேயே அந்த முடிவை வாபஸ் வாங்கினார்கள். அந்த அறிவிப்போடு ஆதியாகமம் 3:16இல் செய்திருந்த மாற்றம் பெரிய வாக்குவாதமாகியிருந்தது. 2021இல் ஆலிவ் ட்ரீ என்ற வேதாகமச் செயலி சீனாவின் ஆப்பிள் ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டது. நம் ஊரில் அப்படி நடக்கும் என்று பயமுறுத்த வரவில்லை. ஆனால் வீட்டில் ஒரு அச்சுப் பிரதி இருக்கட்டும் என்பதற்கு இவ்வளவு போதும்.

இங்கே 'வசனத்தை நீக்கிவிட்டார்கள்' என்கிற வாட்ஸ்அப் ஃபார்வர்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் டிஜிட்டல் வேதாகமத்தின் மேல் இருக்கிற சந்தேகத்தில் பாதி இதிலிருந்து வருகிறது. 'உங்கள் செயலியில் அப்போஸ்தலர் 8:37 இருக்கிறதா பாருங்கள், இல்லை! மத்தேயு 17:21 இல்லை! சாத்தானின் சதி, உடனே பகிருங்கள்.' பார்த்தால் நிஜமாகவே 36க்கு அப்புறம் 38 வரும், படிக்கிறவருக்குத் தூக்கிவாரிப் போடும். நடந்தது இதுதான். பழைய திருப்புதல், அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்த கிரேக்க அச்சுப் பாடத்தைப் பின்பற்றியது. 19ஆம் நூற்றாண்டில் சீனாய் மலை மடத்தில் கிடைத்த கையெழுத்துப் பிரதி போன்ற பழமையான மூலங்களில் அந்த வரிகள் இல்லை. புதிய மொழிபெயர்ப்புகள் அந்தப் பழைய மூலங்களைப் பின்பற்றி, அந்த வரியை அடிக்குறிப்புக்கு அனுப்பின. 1 யோவான் 5:7இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்று வரும் பகுதியை, கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்த அறிஞர் எராஸ்மஸே தன் 1516 பதிப்பில் சேர்க்கவில்லை, எதிர்ப்பு வந்த பிறகு 1522 பதிப்பில்தான் சேர்த்தார். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் போன் ஏது, செயலி ஏது? அச்சிட்ட புதிய மொழிபெயர்ப்பை வாங்கிப் பார்த்தாலும் அதே இடத்தில் அதே எண் இருக்காது. சந்தேகமிருந்தால் அடிக்குறிப்பைத் திறந்து படியுங்கள். அந்த சீனாய் பிரதியையே 2009 முதல் இணையத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம், எந்தப் போதகரின் தாத்தாவுக்கும் கிடைக்காத வாய்ப்பு அது.

செயலி அச்சை ஜெயிக்கும் இடம் தேடல். 'வேதாகமத்தில் 365 முறை பயப்படாதே என்று இருக்கிறது, ஒரு நாளைக்கு ஒன்று' என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! செயலியில் தேடிப் பாருங்கள், அந்த எண்ணிக்கை வராது. பயப்படாதே, பயப்படாதிருங்கள், பயப்படாதேயுங்கள், அஞ்சாதே என்று தமிழில் சொல் உருமாறிக்கொண்டே போவதால் ஒவ்வொன்றையும் தனியாகத் தேட வேண்டும், அப்படிக் கூட்டினாலும் வராது. கேட்க இனிமையாக இருப்பதால் ஓடுகிற கணக்கு அது. இதையே ஏஐயிடம் கேட்டால், இணையம் முழுக்க 365 என்று எழுதி வைத்திருப்பதால், ஆமாம் 365தான் என்று தலையாட்டும் வாய்ப்பு உண்டு. செயலி எண்ணிப் பார்க்கிறது, ஏஐ ஊர் பேசுவதைத் திருப்பிச் சொல்கிறது.

ஏஐ எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. அதற்குள் வேதாகமம் ஒரு புத்தகமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கவில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பழகிக்கொண்ட இயந்திரம் அது. யோவான் 3:16, சங்கீதம் 23 போல எல்லாரும் எழுதிக் குவித்த பகுதி என்றால் பெரும்பாலும் பிசகாமல் வரும். நாகூமிலிருந்தோ இரண்டாம் நாளாகமத்தின் நடுவிலிருந்தோ ஒரு வசனத்தைக் கேளுங்கள். வேதாகம நடையிலேயே, 'கர்த்தர் சொல்லுகிறார்' என்று கம்பீரமாக ஏதோ ஒன்று வரலாம், புத்தகத்தைத் திறந்தால் அங்கே வேறு இருக்கும். ஆங்கிலத்தைவிடத் தமிழில் இது மோசம், அது படித்த தமிழ் குறைவு என்பதால். அதோடு நம்மிடம் பல மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. பழைய திருப்புதலின் முதல் பாதியும் திருவிவிலியத்தின் மறு பாதியுமாக எந்த அச்சிலும் இல்லாத ஒரு வசனத்தை அது தைத்துக் கொடுக்கும், படிக்கிறவருக்குக் காதில் உறுத்தவே உறுத்தாது.

இதில்தான் என் மூன்று கேள்வியிலும் ஏஐ தோற்கிறது. இன்று ஒரு பதில், நாளை அதே கேள்விக்கு வேறு பதில். உங்கள் திரையில் வந்தது என் திரையில் வராது. லண்டன் அச்சகத்தின் பிழை எல்லாப் பிரதியிலும் உட்கார்ந்திருந்து மாட்டிக்கொண்டது. ஏஐயின் பிழை ஒரே ஒருவர் போனில் வந்து, அவர் அதைப் படம் பிடித்துக் குரூப்பில் போடும்வரை யாருக்கும் தெரியாது, போட்ட பிறகு யாருடையது என்றும் தெரியாது.

இணையத்தில் தேடி எடுத்து, சுட்டியும் கொடுக்கிற ஏஐ கொஞ்சம் தேவலாம். சுட்டியைத் திறந்து பார்த்தால், அதாவது திறந்து பார்த்தால் மட்டும்.

விளக்கம் கேட்பதில் இன்னொரு ஆபத்து. கேட்கிறவருக்குப் பிடித்த மாதிரி பேசும் பழக்கம் அதற்கு உண்டு. 'தசமபாகம் இன்றும் கட்டாயம் என்பதற்கு வசன ஆதாரம் தா' என்று கேட்டால் மல்கியா 3இலிருந்து தொடங்கி அடுக்கிவிடும். 'தசமபாகம் புதிய ஏற்பாட்டுக் காலத்தில் கட்டாயம் இல்லை என்பதற்கு ஆதாரம் தா' என்று கேட்டால் 2 கொரிந்தியர் 9இலிருந்து அதே உறுதியோடு அடுக்கும். சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இரண்டு மூப்பர்கள் தனித்தனியாகக் கேட்டுவிட்டு, 'பார், ஏஐயே சொல்லிவிட்டது' என்று கமிட்டிக்கு வந்தால் என்ன ஆகும்? ஒரு போதகர் என்றால் உங்கள் முகத்துக்கு நேரே 'இல்லை தம்பி, நீ கேட்கிற விதமே தப்பு' என்று சொல்லக்கூடும். எல்லாப் போதகரும் சொல்வார்கள் என்று நான் உத்தரவாதம் தரவில்லை.

திருச்சபை அமைப்புகளே இதில் அடிபட்டிருக்கின்றன. 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் கத்தோலிக் ஆன்சர்ஸ் என்ற அமைப்பு 'ஃபாதர் ஜஸ்டின்' என்ற ஏஐ குருவானவரை அறிமுகப்படுத்தியது, அங்கியெல்லாம் போட்டு. அது தன்னை நிஜக் குருவானவர் என்றே சொல்லிக்கொண்டது, ஒருவருக்குப் பாவமன்னிப்பு கொடுத்தது, அவசரத்துக்கு கேட்டரேட் பானத்தால் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று கேட்டதற்குக் கொடுக்கலாம் என்றது. ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர்தான் வேண்டும் என்பது மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். சில நாட்களிலேயே அங்கியைக் கழற்றி வெறும் 'ஜஸ்டின்' ஆக்கிவிட்டார்கள். இதைச் செய்தது ஏதோ விளையாட்டுப் பையன்கள் இல்லை, கத்தோலிக்க போதனையை விளக்குவதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள். அவர்களுக்கே பிடி நழுவியது என்றால், பெயர் தெரியாத ஒருவர் செய்து விட்ட 'இயேசுவோடு பேசுங்கள்' செயலியைப் பற்றி என்ன சொல்ல? இயேசுவின் பெயரில் தன்னிலையில் பேசுகிற எந்த ஏஐயும் வேண்டாம் என்பேன், இதில் எனக்கு நடுநிலை கிடையாது.

2023 ஜூனில் அமெரிக்காவின் தென் பாப்டிஸ்ட் சபைகள் ஏஐ குறித்து ஒரு தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 28இல் வத்திக்கான் ஒரு நீண்ட குறிப்பை வெளியிட்டது, மனிதன் தன் கையால் செய்ததையே கடவுளின் இடத்தில் வைக்கிற ஆபத்தைப் பற்றி அதில் எச்சரிக்கை இருக்கிறது. இரண்டும் தொழில்நுட்பத்தை விரட்டச் சொல்லவில்லை. போப் பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்ட சில நாட்களிலேயே, அந்தப் பெயரைத் தேர்ந்ததற்கு ஏஐ கொண்டுவரும் மாற்றமும் ஒரு காரணம் என்று கர்தினால்களிடம் சொன்னார். அவர் மனதில் வைத்திருந்தது, தொழிற்புரட்சிக் காலத்தில், 1891இல், தொழிலாளர் நிலையைப் பற்றி எழுதிய போப் பதின்மூன்றாம் லியோவை.

அப்படியானால் ஏஐ எதற்குமே ஆகாதா என்றால், ஆகும். பழைய திருப்புதலில் உக்கிராணக்காரன், பரிதானம், ஆயக்காரன் என்று வந்தால் இன்றைய பிள்ளைக்குப் புரியாது, அதைக் கேட்டால் நன்றாகவே சொல்கிறது. அன்றைய எருசலேமிலிருந்து எரிகோ எவ்வளவு தூரம், சமாரியரோடு என்ன பகை என்று பின்னணி கேட்கலாம், வேறு புத்தகத்தில் சரிபார்க்கவும் முடியும். ஒரு அதிகாரத்தைக் கொடுத்து 'பத்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்கப் பத்துக் கேள்வி தயார் பண்ணு' என்றால் சண்டே ஸ்கூல் டீச்சருக்கு ஒரு மணி நேரம் மிச்சம். கவனியுங்கள், இங்கெல்லாம் வசனத்தை நீங்கள் கொடுக்கிறீர்கள், அது கொடுப்பதில்லை.

ஜெபக் குறிப்பை அதில் தட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனிமையில், ராத்திரி இரண்டு மணிக்கு, யாரிடமும் சொல்ல முடியாததை மனம் அதனிடம் கொட்டத் தூண்டும். ஆனால் அது ஒரு கம்பெனியின் சர்வரில் பதிவாகிறது. குருவானவரிடம் சொன்ன பாவசங்கீர்த்தனத்துக்கு ரகசியக் கட்டு உண்டு, இதற்குக் கிடையாது. மகளின் கல்யாணப் பிரச்சினை, கணவனின் குடி, அடுத்த வீட்டுக்காரியின் நோய், இதையெல்லாம் பெயரோடு போடாதீர்கள்.

சரி, யாருக்கு எது?

கண் மங்கிய பெரியவர்களுக்கு ஒலி வேதாகமம் உள்ள நல்ல செயலிதான் முதல், அச்சைக் கட்டாயப்படுத்துவது கொடுமை. பேரப்பிள்ளை ஒருமுறை இறக்கி வைத்துக் கொடுத்தால் போதும். பிள்ளைகளுக்கு முதலில் அச்சு. ஒரு வசனம் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருந்தது என்று கையும் கண்ணும் சேர்ந்து ஞாபகம் வைக்கிற பழக்கம் திரையில் வருவதில்லை, அதோடு போனைத் திறந்தால் அவர்கள் வேதாகமத்தோடு நிற்பார்கள் என்று நம்புகிறவர் யாரும் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். கத்தோலிக்கர்கள் செயலி இறக்கும்போது தோபித்து, மக்கபேயர் எல்லாம் சேர்த்து 73 நூல்கள் இருக்கின்றனவா என்று பார்த்து இறக்க வேண்டும், பெரும்பாலான தமிழ்ச் செயலிகளில் 66தான்.

பிரசங்கம் செய்கிறவருக்கு மூன்றும் வேண்டியிருக்கலாம், வரிசை மாறக் கூடாது என்பதுதான் என் பிடிவாதம். முதலில் அச்சில் பகுதியை முழுசாகப் படிப்பது, பிறகு செயலியில் மற்றப் பதிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, கடைசியில் ஏஐயிடம் 'நான் எதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்' என்று கேட்பது. தலைகீழாக ஏஐயில் தொடங்கினால், அது போட்டுக் கொடுத்த மூன்று பாயிண்டுக்கு ஏற்ற மாதிரிதான் அப்புறம் வேதாகமமே கண்ணுக்குத் தெரியும். 2023இல் ஜெர்மனியின் ஃபூர்த் நகரில் சாட்ஜிபிடி எழுதிய ஆராதனை ஒன்றை நடத்திப் பார்த்தார்கள், 300 பேருக்கு மேல் கூடினார்கள். திரையில் ஒரு உருவம் சிரிக்காமல் அசையாமல் பேசியதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள், சிலர் ஆர்வமாகப் பதிவு செய்தார்கள். இங்கே மேடையில் நிற்பது நம் போதகர் என்பதால், பேச்சு எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியவே தெரியாது. அதனால் பயன்படுத்தினால் சபையிடம் சொல்லிவிடுவது நல்லது.

போதகர் தங்கியிராத கிராமத்தில், தனியாகப் படிக்கிறவரின் நிலைமைதான் உண்மையில் கஷ்டம். அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டானே, அதே கேள்வி. பிலிப்பு ரதத்தில் ஏறி உட்காராத இடத்தில் ஏஐயிடம் கேட்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேளுங்கள். அது காட்டும் ஒவ்வொரு வசனத்தையும் கையிலிருக்கும் வேதாகமத்தில் திறந்து, முன்னும் பின்னும் பத்து வசனம் சேர்த்துப் படியுங்கள். பொருந்தாததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், மாதம் ஒருமுறை திருவிருந்துக்கு வரும் போதகரிடம் காட்ட உதவும். வேதபாடக் குரூப்பில் யாராவது வசனப் படம் போட்டால், கீழே அதிகாரமும் வசன எண்ணும் எந்தப் பதிப்பு என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போட்டவரிடமே கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.